எட்டு ஜிபி வீடியோ

எங்கள் பக்கம் கல்யாண வீடியோ நன்றாக வந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை ஜிபி என்றுதான் கேட்பார்கள். பென்டிரைவ் நிறையவில்லை என்றால் ஸ்டுடியோக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பந்தல்குடி முழுக்கப் பேச்சாகிவிடும். பதினொரு வருஷம் அவர்களுக்கே எடுத்து எடுத்து எனக்கும் அந்தப் புத்திதான் வந்திருந்தது.

பரளச்சியில் இருக்கும் என் சித்தப்பா மகள் சத்யபிரியா, கணக்கில் எம்.எஸ்ஸி. வீட்டிலிருந்தே இணையத்தில் பாடம் எடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். பத்து நிமிஷம் பாடம் நடத்தி, அந்த வீடியோவை அவர்கள் தளத்தில் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கெடு. வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிவைப்பதாகச் சித்தப்பா ஒத்துக்கொண்டிருந்தார். கிடைக்காவிட்டால் தை மாசமே திருச்சுழி மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை தன் போனிலேயே பாடத்தை எடுத்துக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். எம்பி4 வகைக் கோப்பு, அளவு தொண்ணூறு எம்பி. அவர்களும் எம்பி4தான் கேட்டிருக்கிறார்கள், இது போதுமா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் காதுகுத்து அனுப்புகிற சைஸை வைத்துக்கொண்டா வேலை கேட்கப்போகிறாய் என்று கிண்டல் செய்தேன். இரண்டு லைட்டைப் போட்டுப் பெரிய கேமராவில் மறுபடி எடுத்து, இருப்பதிலேயே உசத்தியான எம்ஓவி வகையில் போட்டேன். எட்டு ஜிபி வந்தது. சித்தப்பாவிடம் காட்ட அதை அவள் போனில் ஏற்றப்போனால் இடமில்லை. பழையதை அழி என்றேன். தயங்கினாள். அண்ணன் சொல்கிறேனே என்று போனை வாங்கி, குப்பைத் தொட்டியிலிருந்தும் நானே அழித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கே ஏற்ற ஆரம்பித்தோம். ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது முழுசாக ஏறி முடிந்தது. அதன் பிறகுதான் பாழாய்ப்போன தளம் வாயைத் திறந்தது. இந்த வகைக் கோப்பை ஏற்க இயலாது, எம்பி4 மட்டுமே என்று சிவப்பில் வந்தது. புதிதாக எடுக்கவும் நேரமில்லை. பதறிப்போய் மாற்றப் போட்டேன். என் ஓட்டைக் கம்ப்யூட்டர் அரை மணி நேரம் ஆகும் என்று முனகியது. ஐந்து அடித்ததும் ஏற்றுகிற பொத்தானே காணாமல் போய்விட்டது. அந்தத் தொண்ணூறு எம்பி ஐந்தே நிமிஷத்தில் ஏறியிருக்கும்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தை மாசம் கல்யாணம். வீடியோ ஆர்டர் எனக்குத்தான், சொந்தத்தில் வேறு யார் இருக்கிறார்கள்.

“மாப்ள வீட்ல கேப்பாகப்பா. நூறு ஜிபிக்குக் கொறையாமப் போடு” என்றார் சித்தப்பா.

முகூர்த்தத்துக்கு முன்னால், அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தவள் முகத்துக்கு நேரே லைட்டைத் திருப்பினேன். கண்ணைச் சுருக்காமல் என்னைப் பார்த்தாள்.

“சின்னதாவே போடுண்ணே. நான் தெறந்து பாக்கப் போறதில்ல.”

நூற்றுப் பன்னிரண்டு ஜிபி கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டில் எனக்கு நல்ல பெயர்.