பொன்சு பூசிய சிவப்பு

என் கணவர் பொன்சுவுக்கு உலகத்தில் இரண்டு விஷயங்களில்தான் பயம். ஒன்று, என் அம்மா. மற்றது, கணினித் திரையில் வந்து நிற்கும் 'இப்போது புதுப்பிக்கலாமா?' என்ற கேள்வி. என் அம்மாவையாவது ஈஸ்டருக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்தக் கேள்வி வந்தால் மட்டும் 'பிறகு' என்ற பட்டனைத் தட்டிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

காரணம் இல்லாமல் இல்லை. முன்னொரு தடவை படம் திருத்தும் மென்பொருளைப் புதுப்பித்தபோது பட்டன்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்த நிற அமைப்புகள் குளறுபடியாகி, ஒரு கல்யாணப் பெண் மஞ்சள் காமாலை வந்தவளைப் போல ஆல்பத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சத்தியம் செய்தவர்தான். நானும் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன்.

குமாசி நகரில் பந்தாமா பேட்டைப் பக்கம் வந்தால் எங்கள் கடையைப் பார்க்காமல் போக முடியாது. 'விடியட்டும் ஸ்டூடியோ' என்று பச்சைப் பலகை. பிரிண்ட் போடுவதும் ஆட்களோடு பேசுவதும் என் வேலை. படம் எடுப்பதும் திருத்துவதும் அவர் வேலை. கல்யாணங்களைவிட இழவு வீடுகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. இழவுக் கூட்டங்கள் சனிக்கிழமைதான், அன்றைக்கு ஊரில் பாதி கறுப்பிலும் சிவப்பிலும் நடந்து போகும். யார் எந்த நிறம் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே, செத்தவருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்துவிடும். கோபெனெ என்கிற சிவப்பு, நெஞ்சு வெந்து நிற்கிற சொந்த ரத்தத்துக்கு. குந்துன்குனி என்கிற பழுப்பும், கறுப்பும் மற்றவர்களுக்கு. அதனால் எங்கள் தொழிலில் நிறம் தப்பினால் உறவே தப்பிவிடும்.

இப்படி இருக்கையில் பொன்சு புதுக் கேமரா வாங்கினார். வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, அதன் படங்களை எங்கள் பழைய மென்பொருள் திறக்கவே இல்லை. ஒவ்வொரு கேமராவும் நிறத்தைத் தன் போக்கில் பதிந்து வைக்கும். அந்தப் போக்கைச் சொல்லும் கலர் புரொஃபைல் மென்பொருளில் இருந்தால்தான் அது படத்தைச் சரியாகப் படிக்கும். புதுக் கேமராவின் புரொஃபைல் வேண்டுமென்றால் புதுப்பிக்க வேண்டும். அவரா புதுப்பிப்பார்? குறுக்கு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதியிருக்கும் கேமராவின் பெயரை அழித்துவிட்டு, அதற்கு அண்ணன் முறையான பழைய கேமராவின் பெயரை எழுதிவிட்டார். மென்பொருள் ஏமாந்து திறந்தது. மனிதர் என்னவோ கொள்ளையடித்து வந்தவரைப் போல மீசையை முறுக்கினார்.

அந்த லட்சணத்தில்தான் அம்போஃபோ பெரியவரின் இழவுப் படங்கள் வந்தன. கெஜீட்டியா லாரி ஸ்டேஷனில் அக்ரா ஊருக்குப் போகும் வண்டிகளுக்கெல்லாம் சேர்மனாக இருந்தவர். கூட்டம் தெரு கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார் பொன்சு. பழைய கேமராவின் புரொஃபைலில் திறந்ததால் எல்லாச் சிவப்பும் பழுப்பாகத் தெரிந்தது. அப்போதாவது புதுப்பித்திருக்கலாம். இவர் என்ன செய்தார் என்றால், ஒரு சிவப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அம்போஃபோ வீட்டு ஆட்கள் யார் யார் என்று நினைவிலிருந்து யோசித்து, ஒவ்வொருவர் துணியாகப் பூசினார்.

"அந்த வீட்டுல எனக்குத் தெரியாத ஆளு யாருடீ?" என்று என்னிடம் வேறு பெருமை.

பூசி முடித்துக் குடும்பப் படத்தை அவர்களுடைய வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார். அடுத்த நாளே அஃப்ரியே என்கிற பெண் கடைக்கு வந்தாள்.

அவளை எனக்குப் பழக்கம் இல்லை. நாற்பது வயதிருக்கும். முடி ஒட்ட வெட்டியிருந்தாள். கத்திக்கொண்டு வரும் வாடிக்கையாளர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இவள் பெஞ்சில் உட்கார்ந்து, போனில் அந்தப் படத்தை விரித்து, மேசைமேல் மெதுவாக வைத்தாள். முன் வரிசை நடுவில் பெரியவரின் தங்கை கொனாடு அத்தை. இரண்டு பக்கமும் பெரியவரின் பிள்ளைகள், இரண்டு மகன்களும் ஒரு மகளும், எல்லாரும் சிவப்பு. பின்னால் ஓரமாக இவள் மட்டும் பழுப்பு.

"அக்கா, இதை இப்படிச் செய்யச் சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சண்டைக்குப் போக மாட்டேன்."

எனக்குப் புரியவில்லை. பொன்சு எட்டிப் பார்த்து, "நீங்க அந்த வீட்டுல..." என்று இழுத்தார்.

"எங்கம்மா பெரியவரை ரெண்டாவதா கட்டிக்கிட்டப்ப, நாலு வயசுல அவங்க கையைப் புடிச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போனேன். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டாங்க. எங்க முறைப்படி புள்ளைங்க அம்மா வழிக்குத்தான் சொந்தம், அம்மா வீட்டுக்காரங்க வந்து என்னைக் கேட்டாங்க. எங்கப்பா, அதான் பெரியவர், குடுக்கல. ஸ்டேஷன்ல அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருப்பார். 'அக்ரா, அக்ரா, அக்ரா'ன்னு நானும் கத்துவேன். டிரைவருங்க என்னைச் சின்ன சேர்மன்னுதான் கூப்பிடுவாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இழவு அன்னிக்கு கொனாடு அத்தை ஒரு துணியைக் கொண்டாந்து, 'கட்டிக்கோ'ன்னு குடுத்தாங்க. சிவப்புன்னு நினைச்சுத்தான் கட்டினேன்."

"நினைச்சா?" என்றேன்.

"இந்தப் படம் குரூப்ல வந்ததும் ஒபுவாசில இருக்கிற டுவான்னு ஒரு சித்தப்பா மகன், 'யாரு அந்தப் பழுப்பு, சமையலுக்கு வந்தவங்களா?'ன்னு போட்டான். ஒருத்தரும் பதில் போடல. ஒருத்தரும், அக்கா. தம்பிங்க கூட இல்ல. அப்பவே எந்திரிச்சுப் போய் துணியை எடுத்துப் பார்த்தேன். ரெண்டு தடவை துவைச்சதுல சாயம் கழண்டு இப்ப எந்த நிறம்னே சொல்ல முடியல. அத்தைதான் எனக்கு இது போதும்னு பழுப்பா குடுத்தாங்களா, இல்ல தம்பிங்க உங்ககிட்டச் சொல்லி மாத்தினாங்களா? ரெண்டுல ஒண்ணுதானே?"

நான் பொன்சுவைப் பார்த்தேன். மனிதர் முகம் வெந்த வாழைக்காய் மாதிரி ஆகியிருந்தது. பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கேமரா பெயரை மாற்றியது, சிவப்பு பழுப்பானது, நினைவிலிருந்து பூசியது, இவளைத் தெரியாததால் விட்டுவிட்டது, எல்லாம்.

"யாரும் எதுவும் சொல்லலம்மா. நான்தான் முட்டாள்தனமா... இருங்க, ரெண்டு நிமிஷம். உங்க துணியையும் சிவப்பாக்கி இப்பவே அனுப்பிடறேன்."

மவுஸைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு அந்தக் கையை ஒடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவளே தடுத்தாள்.

"வேண்டாம் அண்ணே. நீங்க பூசற சிவப்பு எனக்கு எதுக்கு? அத்தை என்ன குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியணும். பழுப்புதான்னா பழுப்பு. நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

அவள் சொன்னதில் இருந்த நியாயம் எனக்குத் தைத்தது. நாற்பது வயதில் ஒருத்தி, தான் ஒரு வீட்டுக்கு மகளா இல்லையா என்று தெரிந்துகொள்ள என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே ஒருவர் பட்டன் இடம் மாறிவிடும் என்று பயந்துகொண்டிருக்கிறார்!

"ஏங்க, நிஜப் படம் இருக்கா? பேரை மாத்தாதது?"

"இருக்கு. நகல்லதான் மாத்தினேன்."

"அப்ப புதுப்பிங்க."

"டூஃபியே, நம்ம பழைய ஆல்பம் எல்லாம்..."

"பழைய ஆல்பத்துல இருக்கிறவங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. இவங்க இங்க உக்காந்திருக்காங்க. புதுப்பிங்க. இல்லன்னா எங்கம்மாவுக்குப் போன் போட்டு ஒரு மாசம் வந்து தங்கச் சொல்றேன்."

என் அம்மா பேச்சு வந்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, 'சரி'யைத் தட்டினார். கடை இணையம் ஆமையாக ஊர்ந்ததால் என் போனிலிருந்து இணைப்பு கொடுத்தேன். நீலக் கோடு நகர்வேனா என்றது. கென்கே என்கிற சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் வாங்கி வரச் செய்து அஃப்ரியே முன்னால் வைத்தேன். அவள் மிளகாய்த் துவையலை விரலால் தொட்டதோடு சரி. பொன்சு மட்டும் பதற்றத்தில் அவள் பங்கையும் சேர்த்துத் தின்றார்.

"அந்த டிரைவருங்க இப்பவும் உன்னைச் சின்ன சேர்மன்னா கூப்பிடறாங்க?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"நேத்து வரைக்கும் கூப்பிட்டாங்க அக்கா." அவள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஸ்டேஷன் வழியா வரல. சுத்தி வந்தேன்."

ஒரு வழியாக மென்பொருள் திறந்தது. பட்டன்கள் சில இடம் மாறித்தான் இருந்தன. பொன்சு சபித்துக்கொண்டே தேடி, புதுக் கேமராவின் பெயரைப் பட்டியலில் கண்டுபிடித்துவிட்டார். பெயர் மாற்றாத அந்தக் குடும்பப் படத்தைத் திறந்தார். முதலில் சாம்பல் பூத்தாற்போல ஒரு படம் வந்தது. அஃப்ரியே எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி வலித்தது, நான் அசையவில்லை. பிறகு புரொஃபைல் ஏறியது.

சிவப்பு வந்தது. அவள் துணி சிவப்பு. சந்தேகமே இல்லாத சிவப்பு.

அவள் என் தோளை விட்டாள். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டு, அடக்க முடியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இடது ஓரத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒருவன் பழுப்பில் நின்றிருந்தான். பொன்சுவின் படத்தில் அவன் சிவப்பு.

"இது யாரு?"

"டுவா," என்றாள் அஃப்ரியே.

"இவன் வாய் ரொம்பப் பெருசா இருந்துச்சு. வீட்டு ஆளாத்தான் இருப்பான்னு நினைச்சேன்," என்றார் பொன்சு. தலையில் அடித்துக்கொண்டேன்.

பொன்சு சிரிக்கவில்லை. திரைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "டூஃபியே, இங்க பாரு. நான் பூசினது ஒரே சிவப்பு. இதுல ரெண்டு இருக்கு."

இருந்தது. பெரியவரின் மூன்று பிள்ளைகளும் கட்டியிருந்தது கடையில் ஒன்றாக வாங்கிய பளிச்சென்ற சிவப்பு. அஃப்ரியே கட்டியிருந்தது அது இல்லை. கோலாக் கொட்டையைக் கடித்தால் உள்ளே தெரியுமே, அந்த ஆழ்ந்த சிவப்பு. கூட்டத்தில் அதே சிவப்பு இன்னும் ஒரே ஒருவர் மேல்தான் இருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த கொனாடு அத்தை மேல். பொன்சு இரண்டு துணியையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அத்தையின் துணி கணுக்காலை எட்டவில்லை. கீழ் விளிம்பு கத்தரியால் வெட்டியது, மடித்துக்கூடத் தைக்கவில்லை. அஃப்ரியேயின் துணியிலும் அதே தைக்காத வெட்டு, மேல் விளிம்பில்.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒளிப்பானேன், பொன்சு வெளிப்படையாகவே அழுதுகொண்டிருந்தார்.

அஃப்ரியே போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டாள். அவசரத்தில் அது கை தவறி மேசைமேல் விழுந்து, ஸ்பீக்கரிலேயே பேசியது.

"யாரு? அஃப்ரியேயா? சாப்பிட்டியா?" கொனாடு அத்தைக்குக் காது மந்தம், அதனால் தெருவே கேட்கும்படி பேசினார்.

"அத்தை... நீங்க எனக்குக் குடுத்த துணி..."

"அதுக்கென்ன?"

"உங்களோடதா?"

"பின்ன யாரோடது? எங்கம்மா செத்தப்ப நான் கட்டினது. காலையில உன்னைப் பார்த்தேன், கறுப்புல நிக்கறே. மத்த மூணுக்கும் துணி வாங்கினானுங்க, உனக்கு எவனும் வாங்கல. ஆம்பளைப் பசங்க, மறந்துட்டானுங்க. கடைக்கு ஓட எங்க நேரம்? கத்தரிய எடுத்து என்னோடதைப் பாதியா வெட்டினேன். ஏன், பத்தலையா?"

"குரூப்ல டுவா கேட்டப்ப யாரும்..."

"எந்த குரூப்பு? அந்த வாட்ஸப்பா? எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்? பசங்க ரெண்டு பேரும் நேத்தே ஒபுவாசிக்கு வண்டி ஏறிட்டானுங்க, டுவாவை உதைக்கணும்னு. என்கிட்ட ஏன்னு சொல்லல. என்ன பண்ணினான் அவன்?"

அதற்குள் அஃப்ரியே அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, என் கடைப் பெஞ்சில் குனிந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏய், என்ன சத்தம் அது? அழறியா?" போனிலிருந்து அத்தை கத்தினார். "புள்ள, எங்கண்ணனுக்காக அழறதுன்னா ஊரான் வீட்டுல உக்காந்து தனியா அழாத. எழுந்திரு. இங்க வந்து என் பக்கத்துல உக்காந்து அழு."