மிக்ஸி புகார் எண்ணில் ஒரு நிலநடுக்கம்

மிக்ஸி ரிப்பேருக்கு ஃபோன் செய்கிற யாரும் நல்ல மனநிலையில் செய்வதில்லை. மெக்சிகோ நகரத்தில் ஓர் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக்கொள்வதுதான் யாதிராவின் பிழைப்பு. தெற்குக் கடலோரத்துப் போச்சுத்லாவிலிருந்து பேசிய தோன்யா எவுஃப்ரோசினாவும் அன்று, மிளகாய் அரைத்தால் ஜாடி ஒழுகுகிறது என்று அவளைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நடுவில் குரல் மாறியது.

"நெலம் ஆடுது மவளே. உங்க பக்கந்தான் வருது. எந்திரிச்சு ஓடு."

யாதிரா பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே, தயவுசெய்து லைனில் காத்திருங்கள் என்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். அந்த அம்மாள் விடவில்லை. "மிக்ஸி கெடக்குது கழுத, ஓடுங்கறேன்ல?"

அலுவலகத் தெருவின் நிலநடுக்க அபாய ஒலிபெருக்கி ஊமையாகி வெகுநாளாகியிருந்தது. யாதிரா ஹெட்செட்டை மேசையில் போட்டுவிட்டுக் கத்திய கத்தலில் மாடியே காலியானது. கடைசி ஆள் தெருவுக்கு வந்தபோது கட்டடம் ஆடத் தொடங்கியது. மேலே கூரைப் பலகைகள் அவர்களுடைய நாற்காலிகளின்மேல் விழுந்தன.

ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் போச்சுத்லாவில் மண்சுவர் வீடுகள் சரிந்ததாகச் செய்தி வந்தது. யாதிரா அந்த எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாள் தொடர்பு கிடைக்கவில்லை. பிறகு அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. என்னை ஓடச் சொல்லி விரட்டிக்கொண்டு நின்றதால்தான் அவள் சுவருக்கு அடியில் சிக்கினாளோ? இந்தக் கேள்வி யாதிராவை விடவே இல்லை.

மறுவருடம் அலுவலகம் இடம் மாறியது. பழைய அழைப்புகளை எல்லாம் இடத்தை மிச்சம்பிடிக்கச் சுருக்கி வைத்திருந்தார்கள். நிலநடுக்கத்தில் பதிவுகள் பிழைத்தன, அவற்றைப் படிக்கும் இயந்திரம்தான் நொறுங்கிப்போனது. புதிய இயந்திரத்துக்கோ சுருக்காத ஒலிதான் பிடிபடும். மாற்றும் வேலை கணினிப் பிரிவின் ஃபெர்மினுக்கு. யாதிரா வண்டிக்கடையில் தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை வைத்த ரொட்டி வாங்கிக்கொண்டு போய் அவன் மேசையில் வைத்தாள்.

"லஞ்சமா?"

"பசிக்கலன்னா திருப்பிக் குடு."

அவன் தின்றுகொண்டே அந்த அழைப்பைத் தேடினான். ரொம்ப எதிர்பார்க்காதே என்றான். சுருக்கும்போது தொலைந்தது தொலைந்ததுதான், பிரிப்பதால் அது திரும்பி வராது. ஆனால் பிரித்துவிட்டால் இரண்டு முனைகளையும் தனித்தனியாகக் கேட்கலாம், முனகலைக்கூடத் தூக்கிக் காட்டலாம். சுருக்குப்பையை அவிழ்த்ததுபோல் கோப்பு பத்து மடங்காக விரிந்தது. ஆளுக்கொரு இயர்ஃபோனை மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் போச்சுத்லா. தட்டுகள் கலகலத்தன, ஏதோ பொலபொலவென்று சரிந்தது, நாய்கள் ஊளையிட்டன. அந்த நேரத்தில் யாதிராவின் முனையில் ஒரு சத்தமும் இல்லை. ஆள் ஓடிப்போன அறையின் அமைதி. போச்சுத்லா மெல்ல அடங்கியது. அப்புறம் இந்த முனையில் ஒரு பேனா உருண்டது. ஜன்னல் நடுங்கியது. மேசைகள் நடக்க ஆரம்பித்தன. ஒரே நிலநடுக்கம், மலைகளுக்கு அடியில் நடந்துவந்து, மறுமுனையில் ஏறியிருக்கிறது. ஆயிரக்கணக்கான அழைப்புகளை மாற்றிச் சலித்த ஃபெர்மின், ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

கூரை விழுந்த சத்தத்துக்குப் பின்னால், போச்சுத்லாவில் வான்கோழிகள் கத்தின. காற்று வீசியது. திறந்தவெளி. ஓர் ஆண்குரல், வீடே விழுந்து கிடக்கிறது, யாரோடு பேசிக்கொண்டு நிற்கிறாய் என்று சத்தம் போட்டது.

"சும்மா இருய்யா. மெக்சிகோ சிட்டில ஒரு புள்ள. ஓடுனாளா இல்லியான்னு தெரியணும்." குரல் நெருங்கி வந்தது. "மவளே? இருக்கியா அங்க?"

யாதிராவின் வாய் தானாகத் திறந்தது. சட்டென்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மூச்சைக்கூட விடவில்லை.

அந்த அம்மாள் வெகுநேரம் காத்திருந்தாள்.

"பேச்சே இல்ல," என்றாள் கடைசியில், அந்த ஆளிடம். "ஓடிட்டா. நல்ல புள்ள."