எட்டு மாடு பூட்டிய லாரி

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் புதுத் தொழிலுக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? முப்பது வருஷத்துக்கு மேல் மாட்டுவண்டி ஓட்டிய நேசையன், வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டு, ராமபத்திர ராஜாவின் லாரியில் கிளீனராகச் சேர்ந்த அன்றைக்கே ராஜபாளையம் வண்டிப்பேட்டையில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"பேரப்பிள்ளையத் தூக்கிட்டு அலையுத வயசுல, லாரிக்குக் கரி அள்ளப் போறானாம்ல!" என்றான் சோலைராஜ். அவனும் நேசையனும் ஒரே வயது. எத்தனையோ வருஷம் ஒருவர் வண்டிக்குப் பின்னால் ஒருவர் போனவர்கள்.

கரி அள்ளியது பொய்யில்லை. யுத்தகாலம். பெட்ரோல் கண்ணில் படாது. லாரியின் பக்கவாட்டில் ஆளுயர இரும்பு அடுப்பைப் பொருத்தி, அதில் கரியை மூட்டி, அதிலிருந்து வரும் கேஸில்தான் எஞ்சினை ஓட்டினார்கள். அந்த அடுப்புக்குக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். நேசையன் மாசக்கணக்கில் ஊதினார். தன் மகனைவிட இளைய டிரைவரிடம் ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டு ஓட்டவும் பழகினார். பழகின லட்சணத்தையும் சொல்ல வேண்டுமே! முதல் தடவை சரிவில் இறங்கும்போது, பிரேக்கை மறந்துவிட்டு, "ஹோ! ஹோ!" என்று கத்தி ஸ்டீயரிங்கை நெஞ்சுவரை இழுத்தார். மாடாக இருந்தால் நின்றிருக்கும். லாரி நேராகப் போய் ஒரு காப்பிக்கடைத் தட்டியைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. பேட்டையில் இந்தக் கதை ஒரு மாசம் ஓடியது.

ஆனாலும் மனிதர் விடவில்லை. லைசென்ஸும் வாங்கிவிட்டார். அந்த இளைய டிரைவர் பட்டாளத்துக்குப் போனதும் முதலாளி முன்னால் போய் நின்றார்.

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏமய்யா, உன்னை நம்பி லாரியைக் கொடுக்கலாமா? சரி, ஒரு நடை பாரு. கான்சாபுரத்துல பருத்தி ஏத்திட்டு, சாயங்கால மில் சங்கு ஊதுறதுக்குள்ள நம்ம பருத்திக் கிட்டங்கிக்கு வந்துடணும். வந்தா லாரி உன் கையில. இல்லேன்னா நாளைக்கு மதுரையிலேருந்து ஆள் வருது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கோ. வழியில எதுக்கும் நிறுத்தாதே. அடுப்பு அணைஞ்சா லாரி வெறும் இரும்பு."

நேசையன் விடிந்தும் விடியாமல் கிளம்பினார். கான்சாபுரத்தில் பருத்தி ஏற்றி, வத்திராயிருப்பைக் கடந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணில் பட்டபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எஞ்சின் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. நேசையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இன்றைக்கு நான் டிரைவர் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

ராஜபாளையத்துக்கு இன்னும் இரண்டு மைல். கண்மாய்க்கரை ஏற்றத்தில் நாலு வண்டிகள் தேங்கி நின்றன. முதல் வண்டி, மூட்டைகளோடு குடைசாய்ந்து கிடந்தது. ஒரு மாடு நுகத்தடிக்கு அடியில் கழுத்து மாட்டி, கண் பிதுங்கிக் கிடக்க, அதன் தலையைத் தாங்கியபடி சோலைராஜ் உட்கார்ந்திருந்தான்.

வண்டிக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. குடைசாய்ந்த வண்டி எவனுடையதாக இருந்தாலும் இறங்கித் தோள் கொடுக்க வேண்டும். கண்டும் காணாமல் தாண்டிப் போனவனுக்கு எந்தப் பேட்டையிலும் ஒருத்தனும் தண்ணீர்கூட இறைத்துக் கொடுக்க மாட்டான்.

நேசையனின் கால் பிரேக்குக்குப் போனது.

"அண்ணாச்சி, நிறுத்தாதிய! முதலாளி சொன்னது மறந்துபோச்சா?" என்று அலறினான் கிளீனர் பொன்னுராஜ். "வலப்பக்கமா ஒதுங்கிப் போயிரலாம், இடம் இருக்கு."

இடம் இருக்கத்தான் செய்தது. நேசையன் நிறுத்தினார். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்தது.

மூட்டைகளை இறக்கி, நுகத்தடியின் கயிற்றை அறுத்து, ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து வண்டியை நிமிர்த்துவதற்குள் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. மாடு எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. நேசையன் லாரிக்கு ஓடினார். பொன்னுராஜ் கை ஓயும்வரை காற்று ஊதினான். நேசையன் எஞ்சினைக் கிளப்பும் கம்பியைப் போட்டுச் சுற்றினார், சுற்றினார், சட்டை நனையச் சுற்றினார். கேஸ் பிடிக்கவே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று பாதையோரம் உட்கார்ந்துவிட்டார். அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

"என்னலே உக்காந்துட்ட?" சோலைராஜ் வந்து நின்றான். "எப்பம் போய்ச் சேரணும்?"

"சங்கு ஊதுறதுக்குள்ள. இனி எங்க போக? என் பொழப்பு அம்புட்டுதான்."

சோலைராஜ் லாரியை முன்னும் பின்னும் சுற்றி வந்தான். பிறகு மற்ற வண்டிக்காரர்களைப் பார்த்துக் கத்தினான். "ஏலே, மாடுகள அவுத்துட்டு வாங்க! மூட்டை கட்டுத வடத்தையும் எடுத்துட்டு வாங்க!"

நேசையன் பதறினார். "லாரில மாட்டப் பூட்டவா? ஊரே சிரிக்குமே!"

"ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டுத்தானல இருக்கு. போய் ஏறு."

வண்டிகளுக்கு ஓர் ஆளைக் காவல் வைத்துவிட்டு, நாலு ஜோடி மாடுகளைப் பூட்டினார்கள். வடம் விறைத்தது, லாரி அசைந்தது. மேடு ஏறும்வரை மாடுகள் பாடு; மேடு தாண்டி இறக்கத்தில் நேசையன் பாடு. பருத்திப் பாரத்தோடு லாரி உருண்டு மாடுகளின் கால்மேல் ஏறிவிட்டால் எட்டும் போயிற்று. நேசையன் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டார். "ஹோ! ஹோ! செவலே, பைய, பைய!" என்று குரல் கொடுத்தார். வாய் மாட்டுக்கு, கால் லாரிக்கு. ராஜபாளையத்தில் அன்றைக்கு இருந்த எந்த டிரைவராலும் இதைச் செய்திருக்க முடியாது. எந்த வண்டிக்காரனாலும் முடியாது.

கடைவீதியில் ஜனம் கூடிவிட்டது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். முதல் நாலு கடை தாண்டும்வரை நேசையனுக்குத் தலை நிமிரவில்லை. அப்புறம் நிமிர்ந்தது. எதற்காகக் குனிய வேண்டும்? திருடிக்கொண்டா வருகிறார்? ஹாரனை ஓங்கி அடித்தார்.

கிட்டங்கி வாசலுக்குள் பின்சக்கரமும் நுழைந்து நின்றபோது இன்னும் சங்கு ஊதவில்லை. செத்த நேரம் கழித்துத்தான் ஊதியது.

ராஜா வெளியே வந்து மாடுகளைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். "ஏமய்யா இது! லாரியை ஓட்டிட்டு வரச் சொன்னா, மாட்டை விட்டு இழுத்துட்டு வாரே? வழியில நிறுத்துனியா?"

"நிறுத்துனேன், முதலாளி." நேசையன் இறங்கி நேராக நின்றார். "வண்டி குடைசாஞ்சு கிடந்துச்சு. நாளைக்குக் கிடந்தாலும் நிறுத்துவேன். லாரிய மட்டும் ஓட்டுதவன் வேணும்னா மதுரை ஆளையே வரச் சொல்லுங்க. லோடு வந்து சேரணும்னா நான் இருக்கேன்."

முதலாளியிடம் யாரும் அப்படிப் பேசி அந்தக் கிட்டங்கி கேட்டதில்லை. பொன்னுராஜ் கண்ணை மூடிக்கொண்டான். ராஜா பருத்திப் பொதியில் கையை விட்டுப் பார்த்தார். மூச்சிரைக்க நின்ற எட்டு மாடுகளையும், அவற்றைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த சோலைராஜையும் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"யாரப்பா அங்கே? மாடுகளுக்குப் பருத்திக்கொட்டை ஊற வையுங்க. டிரைவருக்கு நாளைக்குக் கரி எடுத்து வையுங்க."

சோலைராஜ் நேசையனின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தான். "டிரைவராம்லே!" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நேசையன் கரி அப்பிய இரண்டு கைகளாலும் அவனைக் கட்டிக்கொண்டார்.