எரிகிற வாடியை இழுத்தவர்கள்

மீராமுகைதீனின் இடுப்பு அன்று அவர் சொல்லைக் கேட்கவில்லை. விடியத் தொடங்கிய கரைவலை இழுப்பு மூன்றாம் தடவையும் முடிந்து வலையின் மடி கரையேறியபோது உள்ளே கிடந்ததில் முக்கால்வாசி சொறிமுட்டை என்கிற ஜெல்லி மீன். தொட்டால் அரிக்கும், தின்ன ஏலாது, விற்க ஏலாது. பாரம் மட்டும் சுறாவின் பாரம். அந்தப் பாரத்தை இழுத்த இடுப்பு இரண்டாகக் கழன்று ஒரு துண்டு கடலோடு போய்விடும் போலிருந்தது. மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லி அஸ்கியைக் கூப்பிட்டார்.

கரைவலைக் கூட்டத்துக்கு மீராமுகைதீன்தான் தண்டயல். வலையை எப்போது வளைப்பது, எந்தப் பக்கம் தளர்த்துவது என்பதெல்லாம் அவர் வாயால் வர வேண்டும். அஸ்கி கூட்டத்தில் ஒருவன். மூன்று பிள்ளைக்குத் தகப்பன், உடம்பில் பலம் பாதி, வாயில் மீதி. முதுகில் ஏறி நின்று, எலும்பு எது மணல் எது என்று காலுக்குத் தெரியவில்லை என்றான். பேசாமல் மிதி என்றார் மீராமுகைதீன். குதிகால் சரியான இடத்தில் இறங்கியது. கண் சொருகியது. அந்தச் சுகத்தில்தான், கூட்டம் தோணிச் சாமான் வைக்கிற ஓலைக் கொட்டிலான வாடிக்குள், இடுப்பில் தடவவென்று தானே அடுப்பில் ஏற்றிவிட்டு வந்த உள்ளிப்பூண்டு போட்ட நல்லெண்ணெயை அவர் மறந்தார்.

அஸ்கி மிதிப்பதை நிறுத்தினான்.

"காக்கா, நம்மட வாடி புகையுது."

"அடுப்பு எரியுது, புகையாம என்ன செய்யும்."

"கூரையும் சேர்ந்து எரியுது காக்கா."

இடுப்பு வலியை அங்கேயே மணலில் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். அடுப்பு இருந்த தென்பக்க மூலையில் எண்ணெய் பற்றி, தட்டி பற்றி, கூரை ஓலைக்கு ஏறியிருந்தது. இரண்டு பேர் உள்ளே புகுந்து தோணி இயந்திரத்தை வெளியே தூக்கினார்கள். இன்னும் இரண்டு பேர் கயிற்றுச் சுருள்களை எறிந்தார்கள். வலை ஈரத்தோடு மணலில் கிடந்ததால் தப்பியது. இனித் தண்ணீர். முன்னால் வங்காள விரிகுடா முழுவதும் கிடந்தது, அள்ளுவதற்கு ஒரு வாளி இருந்தது. மற்றவையெல்லாம் மீன் பெட்டிகள், தண்ணீர் வடியட்டும் என்றே ஓட்டை போட்டுச் செய்தவை. கூட்டத்து நிஸாம் ஒரு பெட்டியில் கடலை அள்ளிக்கொண்டு ஓடிவந்து, நெருப்புக்குக் கிட்ட வந்ததும் தன் நனைந்த காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாடியும் வலையும் தோணியும் ஸுஹைறாவின் சொத்து. கணவன் மௌத்தான பிறகு தொழிலைத் தானே நடத்துகிற பெண். பங்கு பிரிப்பதில் ஒரு ரூபாய் பிசகாது, மன்னிப்பதிலும் அப்படித்தான். கவனப் பிசகால் போனது பிசகியவன் பங்கில் கழியும் என்பது அவளுடைய சட்டம். தெற்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற மற்ற வாடிகளும் ஓலைதான். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடித்ததால் நெருப்பு அந்த மூலையை விட்டு வரவில்லை. காற்று மனதை மாற்றினால் கரையே போய்விடும்.

அஸ்கி தீயணைப்புக்குப் போன் அடித்தான். எடுத்தது தங்கத்துரை. பாண்டிருப்புக்காரர், தீயணைப்பில் தலைமை ஆள், மீராமுகைதீனிடம் மீன் வாங்கிப் பழக்கம். எந்த இடம் என்று கேட்டார். மாளிகைக்காட்டுக் கரை என்று அஸ்கி உண்மையைச் சொல்லிவிட்டான். லொறி வெளிக்கிட்டாச்சு என்று சொன்னவர், பிறகு கத்தக்கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொன்னார். அந்த இடம் டவுன் எல்லைக்கு வெளியே. வெளியிடத்துக்கு லொறி வந்தால் இருபத்தையாயிரம் ரூபாய்.

மீராமுகைதீன் போனைப் பறித்தார்.

"தம்பி, நான் சாய்ந்தமருதான். எத்தின வருஷமா சோலைவரி கட்டுறன்."

"ஓம் காக்கா, வீட்டுக்குக் கட்டுறீங்க. வீட்டில பிடிச்சா சும்மா வருவம். வாடி வெளிய நிக்கிதே."

தங்கத்துரை சொன்னதில் பிழை இல்லை. லொறிக்கு டீசலும் ஆட்களுக்குச் சம்பளமும் டவுன் சனத்தின் வரியில் போகிறது, வெளியே இருப்பவன் வரும்போது கொடுக்கிறான். ஆனால் வாடி தன் விருப்பத்துக்கு வெளியே போகவில்லை. போன வருடம் வரை அது டவுன் எல்லைக்குள், சாய்ந்தமருதுக் கரையில்தான் நின்றது. கடல் அந்தக் கரையைத் தின்னத் தொடங்கியதும் கூட்டமே சேர்ந்து கயிறு கட்டி, வாடியைத் தெற்கே இழுத்து, எல்லைக் கல்லைத் தாண்டி மாளிகைக்காட்டு மணலில் விட்டது. இப்படி இழுப்பதற்காகவே வாடியின் அடியில் இரண்டு தென்னங்குற்றிகள் பூட்டியிருந்தன. கடல் நகர்ந்தால் வாடியும் நகரும்.

இருபத்தையாயிரம் என்றால் என்ன என்று மீராமுகைதீனுக்கு ரூபாயில் தெரியவில்லை, தகரத்தில் தெரிந்தது. குசினிக் கூரைக்குப் பன்னிரண்டு தகரம். போன மாரியில் அவருடைய மனைவி றாபியா ஒரு கையில் குடையும் மறு கையில் அகப்பையுமாக நின்று சோறாக்கினாள். அடுத்த மாரிக்கு முன் தகரம் போடுகிறேன் என்று பள்ளிவாசல் பக்கம் கையை நீட்டிச் சொல்லியிருந்தார். அந்தச் சல்லி சீனி டின்னுக்குள் இருந்தது. அதில் ஒன்றும் குறையாமல் இருப்பதை றாபியா வாரத்துக்கு ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்வாள்.

"இழுங்கடா," என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"வாடிய இழுங்க. கல்லுக்கு அங்கால. டவுனுக்குள்ள போய் எரியட்டும்."

நிஸாம் தண்டயலுக்குப் புகை தலைக்கேறிவிட்டது என்று நினைத்தான். அஸ்கிக்கு உடனே பிடித்துப்போனது. வடக்கே இழுத்தால் மற்ற வாடிகளுக்கும் நெருப்பு போகாது, சல்லியும் போகாது என்று கணக்குச் சொன்னான். வலைக் கயிறு குற்றிகளின் முன் முனைகளில் விழுந்தது. ஆட்கள் இடுப்புப் பட்டையைக் கயிற்றில் கொளுவி, நெருப்புக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இழுக்கிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. மடி கரைக்கு வரும்முன் திரும்பிப் பார்த்து அளந்தால் மீன் போய்விடும் என்பார்கள். பார்த்தவனுக்கு அன்றைய தேத்தண்ணி கிடையாது. இது மீன் இல்லை, வாடிதான் என்றாலும் கயிறு இடுப்பில் ஏறியதும் கழுத்து தானாக இறுகிவிட்டது. மீராமுகைதீன் இழுவைக் குரல் கொடுத்தார். மற்றவர்கள் ஏற்றுக் கொடுத்தார்கள். வாடி ஒரு முனகலோடு மணலில் புறப்பட்டது, பின் மூலையில் நெருப்பு வாலைப் போல ஆடிக்கொண்டு வந்தது.

எல்லைக் கல் கண்ணுக்கு முன்னால் வந்தது. முழங்கால் உயரச் சிமெந்துக் கல், அடி மண்ணைக் கடல் அரித்ததில் சற்றுச் சாய்ந்து நின்றது. பாதிப் பேர் அதற்கு இடது பக்கமாகவும் பாதிப் பேர் வலது பக்கமாகவும் போனார்கள். கொஞ்ச தூரத்தில் கயிறு திடீரென்று கனத்தது. சொறிமுட்டை விழுந்தது போல என்று அஸ்கி சொல்ல, கதையாமல் இழு என்றார் மீராமுகைதீன். அவருக்கு இடுப்பில் இரண்டு இடத்தில் வெட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, போதும் என்று தோன்றியதற்கு மேலும் ஒரு தோணி நீளம் இழுக்கவைத்தார். அரைகுறையாக நிற்பதை வைத்து யாரும் கதை பேசக்கூடாது அல்லவா.

நிறுத்தித் திரும்பினால் வாடி சாய்ந்தமருதுக் கரையில் ராசா மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

லொறி வந்தது. தங்கத்துரை இறங்கியதும் கையைக் காட்டினார். குழாய் விரிந்தது, தண்ணீர் பாய்ந்தது, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் நெருப்பு அடங்கிப் புகையும் அடங்கியது. கூரையில் கால்வாசியும் ஒரு தட்டியும் போயிருந்தன. மற்றதெல்லாம் மிஞ்சியது. தங்கத்துரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மணலைப் பார்த்தார். தெற்கே இருந்து இரண்டு குற்றிகள் உழுத கோடு நீளமாகக் கிடந்தது.

"காக்கா, முப்பது வருஷமா நெருப்பு அணைக்கிறன். நெருப்பக் கூட்டிக்கொண்டு எதிர்ல வந்த ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன்."

"எங்க இருந்து வந்தா என்ன தம்பி. நீங்க அணைச்சது எங்க? டவுனுக்குள்ள."

"ஓம், அது நியாயமான கதை," என்றார் தங்கத்துரை. "கல் எங்க?"

மீராமுகைதீன் தெற்கே கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அங்கே கல் இல்லை. ஒரு குழி இருந்தது, அதற்குள் அலைத் தண்ணீர் வந்து போனது. கூட்டம் முழுவதும் கரையைத் தேடியது. கடல் கொண்டு போயிருக்கும் என்றான் நிஸாம். தங்கத்துரையோடு வந்த ஆள் ஒருவர் குனிந்து வாடியின் முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அங்கேயே மணலில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

கல் அங்கேதான் இருந்தது. இரண்டு குற்றிகளையும் இணைக்கிற குறுக்குச் சட்டம் அதைக் கொளுவி, பிடுங்கி, தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. வந்த வழியெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல் இப்போது வாடிக்கு முன்னால், தள்ளுண்ட மணலுக்குள் பாதி புதைந்து, கொஞ்சம் வடக்கே சாய்ந்து, டவுன் சபையின் எழுத்து மேலே தெரிய நின்றது. வாடி முழுவதும் அதற்குத் தெற்கே இருந்தது.

அஸ்கிதான் முதலில் வாய் திறந்தான்.

"காக்கா, நாம உள்ள வரல்ல. டவுனத்தான் பின்னால தள்ளியிருக்கம்."

அதற்குப் பிறகு மீராமுகைதீனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். தங்கத்துரை சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கதைத்தார். கல் எங்கே நின்றாலும் அழைப்பு வந்த இடம் மாளிகைக்காடு, அதைச் சொன்னது உங்கள் ஆள், ஆகவே பில் வரும், தன்னால் அதைக் குறைக்க ஏலாது என்றார். கல்லைப் பற்றி எழுத ஒரு கோடு தன் தாளில் இல்லை என்றார். இரவுக்கு முன் அதைப் பழைய குழியில் நட்டுவிட்டால் தான் ஒன்றும் காணவில்லை. வாடியும் கூடவே போக வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் வாடி வைக்க அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு வேறு கட்டணம்.

அன்று பின்னேரம் கூட்டம் நனைந்த வாடியைத் தெற்கே இழுத்தது. தண்ணீர் குடித்த ஓலை சொறிமுட்டையைவிடக் கனம். கல்லை நான்கு பேர் தூக்கிவந்து குழியில் இறக்கினார்கள். ஸுஹைறா வந்து வாடியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். மாரிக்கு முன் எப்படியும் மாற்ற வேண்டிய ஓலையும் தட்டியும் தன்னுடைய செலவு, லொறிச் சல்லி எண்ணெய் காய்ச்சியவனுடையது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். அதிலும் ஒரு ரூபாய் பிசகவில்லை.

பில் வந்த அன்று அவர் சீனி டின்னை எடுக்கும்போது றாபியா பின்னால் நின்றாள். முழுக் கதையையும் கேட்டாள். கல்லைத் தள்ளிக்கொண்டு போன இடத்தில் முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் சமாதானம் சொல்லப் போனார். சீலையை எடுத்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"நம்மட வீடு டவுனுக்குள்ளதானே. அடுத்த முறை எண்ணெய இஞ்ச காய்ச்சுங்க. சும்மா வந்து அணைப்பாங்க."

"மாரிக்கு முந்தி தகரத்தப் போட்டுத் தாறன் புள்ள."

"போன மாரிக்கும் முந்தி எண்டுதான் சொன்னீங்க," என்றாள், சிரிப்பு இல்லாமல்.

டவுன் சபையில் சல்லியைக் கட்டி ரிசீட்டை வாங்கினார். தங்கத்துரைக்கு மூன்று பாரைக் குட்டிகளைக் கொடுத்தனுப்பினார், அவர் விலையைக் கொடுத்தே எடுத்தார். ஸுஹைறாவின் வாடிக்குப் புது ஓலை ஏறியது. கடலில் சொறிமுட்டை குறையவில்லை, இடுப்பு வலியும் குறையவில்லை. ஐப்பசியின் முதல் மழை அசர் தொழுகைக்குப் பிறகு பிடித்தது. றாபியா குடையை விரித்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

வேறு யாருக்கும் அவர் கடனில்லை. றாபியாவுக்குப் பன்னிரண்டு தகரம் கொடுக்க வேண்டும்.