அறுபது டிகிரி

"இடிக்காதீங்கய்யா! உள்ள இருக்கறது மனுஷன்!"

சின்னவன் போட்ட சத்தத்தில் பெட்டியைத் தூக்கியிருந்த நான்கு பேரும் அப்படியே நின்றார்கள். பெட்டியின் கால்மாடு நடைக்கு வந்துவிட்டது. தலைமாடு இன்னும் படுக்கையறைக்குள் இருந்தது. நடுவில் கைப்பிடி கதவில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"வரும்போது சுளுவா வந்துச்சே சார்," என்றார் வண்டிக்காரர்.

"வரும்போது காலிப் பெட்டி. ஒருக்களிச்சுக் கொண்டாந்தீங்க. இப்ப எங்கண்ணனை ஒருக்களிப்பீங்களா? தூக்கறதுக்கு முன்னாடி ஒருத்தராவது அளந்து பாத்தீங்களா?"

யாரும் அளக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் அளப்பது எப்போதும் அவன் வேலை. ஐம்பத்தாறு வயதிலும் அவன் சின்னவன்தான். ஏசி குழாய் செய்யும் பட்டறையில் தகட்டில் கோடு போட்டே முப்பது வருஷத்தை ஓட்டியவன். நிலையை ஒருமுறை கண்ணால் அளந்தான். கதவைக் கழற்றினால் இரண்டு அங்குலம் கிடைக்கும். அது போதும்.

"பெட்டியைத் திரும்பக் கட்டில் மேல வைங்க. கதவைக் கழட்டணும். ஸ்க்ரூ டிரைவர் எங்கம்மா?"

அண்ணன் மகள் தன் அம்மாவைப் பார்த்தாள். அண்ணி எழுந்துவந்து ஒரு சாவியை எடுத்தாள். அவன் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"ஷெட்ல இருக்கும். எட்டு மாசம் கழிச்சு இன்னிக்காவது அந்தக் கதவைத் திறங்க தம்பி."

"அண்ணி, இப்ப அந்தப் பேச்சு வேணாம்."

"பேசாம இருந்தது நீங்க ரெண்டு பேரும்தான். நான் இல்ல."

அவன் சாவியைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். எல்லோர்மீதும் கோபம் வந்தது. வண்டிக்காரர்மீது, அண்ணிமீது, இவ்வளவு குறுகலாக நிலை வைத்த கொத்தனார்மீது. உள்ளே கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தவர்மீதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

பழைய போர் டாங்கி ஒன்றை ஆறில் ஒரு பங்கு அளவில், நிஜ இரும்பில் செய்ய வேண்டும் என்பது அண்ணன் தம்பி இருவரின் ஆசை. செய்து முடித்தால் ஒரு மீட்டர் நீளம் வரும். அதற்கு முன்பு ஒரு ரோடு ரோலரும் ஒரு கிரேனும் செய்து கை பழகியிருந்தார்கள். வேலைக்கு ஒரு முறை இருந்தது. சின்னவன் தகட்டில் கோடு போடுவான். அம்புக்குறி போட்டு 'இங்கே வெட்டு' என்று எழுதி மேசையின் இடப்பக்கம் வைப்பான். பஸ் டிப்போவில் வெல்டராக இருந்த அண்ணன் வெட்டி ஒட்டுவார். அம்பு இல்லாத தகட்டை அவர் தொடமாட்டார்.

எந்த டாங்கி என்பதில்தான் இரண்டு வருஷம் போனது. பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி படம் படமாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தார்கள். கடைசியில் இரண்டு மிஞ்சின. அண்ணனுக்கு ஜெர்மன் டைகர். தம்பிக்கு ரஷ்ய டி-34.

"டைகர்னு சொல்லும்போதே ஒரு கெத்து இருக்குடா," என்றார் அண்ணன் அன்றைக்கு.

"பேரையா வெல்டிங் வைக்கப்போற? நாலு பக்கமும் நேரா நிக்குது. ட்ரங்குப் பெட்டிக்கு பீரங்கி வெச்ச மாதிரி. டி-34ஐப் பாரு. எல்லாத் தகடும் சாஞ்சு நிக்குது. வேலைன்னா அது வேலை."

"உனக்கென்ன, கோடு போட்டுட்டுக் கைய தட்டிட்டுப் போயிடுவ. உன் ஆயுசுல ஒரு தகடு வெட்டியிருப்பியா?"

"நான் கோடு போடலேன்னா நீ ஒரு தகடு உருப்படியா வெட்டிருவியா?"

அண்ணன் ஷெட் கதவைக் காட்டினார். "வெளிய போடா," என்றார். அவன் போய்விட்டான். அவர் கூப்பிடட்டும் என்று இவன் இருந்தான். இவன் வரட்டும் என்று அவர் இருந்தார். முந்தாநாள் மதியம் ஷெட்டிலிருந்து வந்து கை கழுவி நாற்காலியில் உட்கார்ந்தவர், அண்ணி தட்டு வைக்க வந்தபோது போய்ச் சேர்ந்திருந்தார். செய்தி கேட்டதும் சின்னவனுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சண்டையை முடிக்காமல் பாதியில் எழுந்துபோக இவருக்கு யார் அனுமதி கொடுத்தது?

பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டான். மேசையில் டைகர் இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை. மேல்தகடுகள் சாய்ந்து நின்றன. ஒரு பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், வரிசையாக. டி-34.

அருகே போனான். ஒட்டு அற்புதமாக இருந்தது, அண்ணன் கை. ஆனால் மூக்கு? தரையோடு படிந்து சரிய வேண்டிய முன்தகடு சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. முன்சக்கரம் வண்டியை விட்டு வெளியே தொங்கியது. கீழே இன்னும் இரண்டு ஜோடி பக்கத் தகடுகள், முன்தகட்டின் சாய்வுக்காக முனையை வெட்டி, ஒத்துவராமல் எறிந்தவை. சுவரில் படம் ஒட்டியிருந்தது. அவன் வரைந்து விட்டுப்போன அளவுப் படம்தான். முன்தகட்டுக்குப் பக்கத்தில் இருந்த 60 என்ற எண்ணைச் சிவப்புப் பென்சிலால் மூன்று முறை சுழித்திருந்தார்.

ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. படத்தில் அந்த அறுபது செங்குத்துக் கோட்டிலிருந்து எடுத்தது. தரையிலிருந்து எடுத்தால் முப்பது. அண்ணன் தரையிலிருந்து அறுபது வைத்து வெட்டியிருக்கிறார். மூன்று தடவையும்.

"சித்தப்பா, கிடைச்சுதா?" அண்ணன் மகள் வாசலில் நின்றாள்.

"இதை உங்கப்பன் எப்ப ஆரம்பிச்சான்?"

"நீங்க போன அடுத்த வாரமே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என் தோலை உரிச்சிருப்பாரு. முடிச்சிட்டுத்தான் கூப்பிடணுமாம். 'அவன் வந்து பாத்து வாயடைச்சு நிக்கணும்'னு சொல்லிட்டே இருப்பாரு. முன்பக்கம் மட்டும் மூணு மாசமா ஒத்துவரல. சித்தப்பாவுக்கு ஒரு போன் போடுங்கப்பான்னேன்."

"போட்டா கொறஞ்சா போயிருவான்?"

"போனைக் கையில வெச்சிட்டே உக்காந்திருப்பாரு. அப்புறம் எந்திரிச்சு மறுபடியும் வெட்டப் போயிடுவாரு."

கீழே கிடந்த தகட்டை அவன் எட்டி உதைத்தான். அது சுவரில் மோதி ஷெட்டே அதிர்ந்தது.

"மூணு மாசம்! 'எத்தனை டிகிரிடா'ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சாப்பிட்ட கையோட ஓடி வந்திருப்பேனே! அப்படி என்ன வீம்பு உங்கப்பனுக்கு? நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதைப் போய் நிஜமாக்கிக் காட்டணுமா?"

"நீங்களும் போன் பண்ணலியே சித்தப்பா."

அவள் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். வாயடைத்துத்தான் நின்றான்.

ஸ்க்ரூ டிரைவர் அதன் ஆணியில் தொங்கியது. எடுத்து அவளிடம் நீட்டினான். "கொண்டு போய்க் குடு. கீழ்க் கீலை முதல்ல கழட்டச் சொல்லு. கதவை ஒருத்தர் தாங்கிப் பிடிச்சுக்கணும். நான் வந்துடறேன்."

அவள் போனதும் மேசைக்கடியில் குனிந்தான். வெட்டாத தகடு ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. தூக்கி மேலே போட்டு, சட்டை முனையால் எண்ணெயைத் துடைத்தான். கோபம் அப்படியேதான் இருந்தது. மூலைமட்டத்தை வைத்தான். கோணமானியை அடிவிளிம்போடு சேர்த்து முப்பதில் நிறுத்தினான். இன்னொரு முறை சரிபார்த்தான். ஊசியால் ஒரே இழுப்பில் கோடு போட்டான். சாக்பீஸை எடுத்தான்.

"சித்தப்பா! கதவு கழண்டுடுச்சு! தூக்கணுமாம், வாங்க!"

"வர்றேன்."

அம்புக்குறி போட்டான். 'இங்கே வெட்டு' என்று எழுதினான். தகட்டை மேசையின் இடப்பக்கம் வைத்து, எழுத்து அண்ணன் நிற்கும் பக்கத்திலிருந்து படிக்க நேராக இருக்கும்படி திருப்பிவைத்தான். பிறகு சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கப் போனான்.