இருவர் பேரில் ஒரு வண்டி

பேரம் பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவளுக்கு வேலை செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். பகலெல்லாம் பேசாத பற்களோடு பழகுவதாலோ என்னவோ, கடைப்படி ஏறிவிட்டால் அவள் வாய் ஓயாது. கணவன் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயரே வைத்திருந்தான். கணவனாக இருந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். விவாகரத்து முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தன. காரை மட்டும் பிரிக்க முடியவில்லை. இருவர் பேரிலும் வாங்கியது, விற்பதற்கு இருவரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆளுக்கொரு சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அவன்தான் போன் செய்தான். பழைய வண்டி வாங்கி விற்கும் இடம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறானாம். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவன் வாசலிலேயே காத்திருந்தான். லிஃப்ட் கம்பெனியின் நீலச் சட்டை, பையில் டெஸ்டர். இளைத்திருந்தான். “சாப்பிட்டாச்சா?” என்று அவன் கேட்டான். “ஆச்சு” என்றாள். பதினோரு வருஷம் ‘என்னங்க’ என்று கூப்பிட்ட வாய், இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

முதலாளி ஐம்பது தாண்டிய மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். கதவுகளைத் திறந்து மூடினார், டயரைக் குனிந்து பார்த்தார். பிறகு ஏசி அறையில் இருவரையும் உட்கார வைத்து, யாரோ செத்த சேதி சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“மூணு லட்சம் தரலாம்” என்றார். “அதுவே உங்க முகத்துக்காக.”

“எங்க முகத்தை விடுங்க, வண்டி முகத்தைப் பாருங்க” என்றாள் அவள். “ஒரே கை ஓட்டின வண்டி. இதே மாடல் வெளியில நாலு போட்டு நிக்குது. உங்க வாசல்லயே ஒண்ணு நிக்குது, நான் பார்த்துட்டுத்தான் வந்தேன்.”

“அது நான் விக்கிற விலைம்மா.”

“வாங்கும்போது இரும்பு, விக்கும்போது தங்கமா?”

முதலாளி சிரித்துவிட்டார். அவனும் சிரித்தான். அவளுக்கே வியப்பாக இருந்தது. வரும்போது சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்து வந்தாள். நாற்காலியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் பழைய பழக்கம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. கடைக்காரரிடம் அவள் மல்லுக்கு நிற்பாள். அவன் இவள் கையில் மாட்டிக்கொண்ட அப்பாவி போலப் பார்த்துக்கொண்டிருப்பான். நேரம் பார்த்து அவள் எழுந்து விறுவிறுவென்று நடந்துவிடுவாள். அவன் கையை விரித்து, “அவ கிளம்பிட்டா. இனி நான் சொன்னாலும் கேக்க மாட்டா” என்பான். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். ஃபிரிட்ஜ், சோபா, இந்த வண்டி எல்லாமே அப்படி வாங்கியவைதான். தெருமுனை திரும்பியதும் இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

“பின்னாடி வலது கதவு பெயின்ட் அடிச்சிருக்கே” என்றார் முதலாளி. “எங்க இடிச்சீங்க?”

“இடிக்கலை. தூணுல லேசா உரசினது” என்றாள்.

அந்தத் தூண் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஆறாவது தடவையும் குழந்தை தங்கவில்லை என்று தெரிந்த நாள். பின்னால் எடுக்கும்போது இருவருமே கண்ணாடியைப் பார்க்கவில்லை. கதவு நசுங்கிய பிறகும் இறங்கிப் பார்க்கத் தோன்றாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். “போதும், இதோட விட்டுடலாம். என்னால முடியலை” என்றாள் அவள். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்றான் அவன். அந்த ஒரே ஒரு தடவையை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சண்டை, அடுத்த வருஷம் பேச்சே இல்லை. குடும்பம் அதிலேயே முறிந்தது.

இப்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“சரி, மூணே கால்” என்றார் முதலாளி. “இதுக்கு மேல எனக்குக் கட்டாது.”

“என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்” என்றாள் அவள். நாக்கிலிருந்து நழுவி வந்துவிட்டது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பழைய ஈரம் கொஞ்சம் இருந்தது. அவளுக்கு நெஞ்சு ஒரு கணம் இளகியது. பாழாய்ப்போன மனசு, கொஞ்சம் இடம் கொடுத்தால் பாயை விரித்துவிடும்.

“உங்க ரெண்டு பேரையும் பார்த்தா பொறாமையா இருக்கு” என்றார் முதலாளி. “என் வீட்டுக்காரி என்கூடக் கடைக்கு வந்தா, கடைக்காரர் பக்கம் சேந்துக்குவா.” பிறகு மேசை மேல் சாய்ந்து, குரலைக் கனிவாக்கினார். “ஒண்ணு செய்யலாம். போன வாரம் சார் வந்து பார்த்தாரே, அந்த வெள்ளை வண்டி, அதையும் எங்கிட்டயே எடுத்துக்குங்க. ரெண்டுலயும் பார்த்துப் பண்றேன். குழந்தை சீட்டு மாட்ட முடியுமான்னு கேட்டீங்களே சார், விசாரிச்சுட்டேன், தாராளமா மாட்டலாம்.” அவள் பக்கம் திரும்பினார். “எத்தனை மாசம்மா ஆச்சு?”

அவன் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. அவன் பொய் சொல்ல மாட்டான். மாட்டிக்கொண்டால் காதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அவள் அவனிடம் திரும்பி, “எத்தனை மாசம்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அஞ்சு” என்றான்.

“பார்த்தீங்களா, அம்மாவை விட அப்பாவுக்குத்தான் கணக்கு சரியாத் தெரியுது” என்று முதலாளி சிரித்தார்.

அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டது அவளுக்குத் தெரியும். அது தாங்க முடிந்தது. ஆனால் ஆறு தடவையும் டாக்டர்கள் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: உங்கள் இருவரிடமும் எந்தக் குறையும் இல்லை. இருவரில் யாரிடம் குறையில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

அவள் எழுந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கி, வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே நடந்தாள்.

“அம்மா, நில்லுங்க. மூணரை தரேன்” என்று பின்னால் முதலாளியின் குரல் வந்தது.

அவள் திரும்பவில்லை. இந்த இடத்தில் அவன் கையை விரித்துத் தன் வசனத்தைச் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. அவன் வாயடைத்து நின்றதுதான் முதலாளியை அதிகம் பயமுறுத்தியிருக்க வேண்டும். வாசல்வரை ஓடி வந்து, “மூணே முக்கால்மா. சத்தியமா இதுக்கு மேல என்னால முடியாது” என்றார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

தங்கள் வண்டி கண்ணில் பட்டதும் அவள் அதன் கதவைத் திறந்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவன் வந்து அந்தப் பக்கம் ஏறினான். சாவி முதலாளியிடம் இருந்தது. உள்ளே அனலாய்க் கொதித்தது.

“சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றான்.

“எப்ப?”

“இன்னைக்கு. எல்லாம் முடிஞ்ச பிறகு.”

“முன்னாடியே சொன்னா விலை குறைஞ்சிடும்னா?”

அவன் சிரிக்கப் போய் அழுதுவிட்டான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான்.

“இந்தக் கடைக்கா என்னைக் கூட்டிட்டு வரணும்? ஊர்ல வேற கடையே இல்லையா?”

“இவர்தான் நல்ல விலை தருவார்னு... எனக்குத் தோணவே இல்லை. நான் ஒரு முட்டாள்.”

“அது தெரிஞ்சதுதான்.”

அவன் அவள் பக்கம் திரும்பி, “உன் மேல ஒரு குறையும் இல்லை. அப்படி நெனச்சுக்காத” என்றான்.

“டாக்டர் மாதிரிப் பேசாதீங்க” என்றாள். சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள். யாரோ ஒருவன் குழாயைப் பிடித்து ஒரு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். “அவங்களுக்கு எப்படி இருக்கு? வாந்தி எல்லாம் இருக்கா?”

“இருந்தது. இப்ப பரவாயில்லை. தூக்கம்தான் வர மாட்டேங்குதுன்றா.”

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்க என்று சொல்ல வந்தாள். முதல் தடவை ஏழு வாரம் தங்கியபோது, ஒரு புத்தகம் விடாமல் படித்து வைத்த விஷயம் அது. சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்லவளாக இருக்க அவளால் அன்றைக்கு முடியவில்லை.

“ஏழாவது தடவை போயிருந்தா...” என்று ஆரம்பித்தாள்.

“வேண்டாம்” என்றான் அவன்.

“நான்தானே வேண்டாம்னேன்.”

“நீ பட்டது போதும். அன்னைக்கே உன் பேச்சைக் கேட்டிருக்கணும்.”

இந்த ஒரு வார்த்தையை அவன் அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்நேரம் இருவரும் வேறு எங்கோ இருந்திருப்பார்கள். ஆனால் அப்போது அந்தக் குழந்தை இருந்திருக்காது. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். “வாங்க. முடிச்சுட்டுப் போலாம்.”

காகிதங்களில் அவன் கையெழுத்துப் போட்டான், கீழே அவள் போட்டாள். மூணே முக்கால். ஆளுக்குப் பாதி அவரவர் கணக்கில் சேரும்படி ஏற்பாடாயிற்று. இரண்டு கணக்கு எதற்கு என்று முதலாளி கேட்க வாயெடுத்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். போகும்போது அவளிடம் மட்டும், “நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்கம்மா” என்றார்.

“நீங்க நல்ல விலைதான் கொடுத்தீங்க” என்றாள்.

சாலையில் அவன் ஆட்டோ பிடித்துத் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். “குழந்தை பொறந்ததும் சொல்லட்டுமா?” என்று கேட்டான். அவள் யோசித்தாள். “சொல்ல வேண்டாம். எப்படியும் காதுக்கு வந்துடும்” என்றாள்.

அவன் தலையாட்டினான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகாமல் கூடத்துக்கே போய் அங்கியை மாட்டிக்கொண்டு, காலையில் பாதியில் விட்ட மேல்வரிசைப் பற்களைக் கையில் எடுத்தாள். பக்கத்து மேசைத் தோழி பல்லைத் தேய்க்கும் எந்திரத்தை ஓட்டிக்கொண்டே, “வக்கீலம்மா, என்ன விலைக்கு முடிச்சே?” என்றாள்.

“நெனச்சதுக்கு மேலயே கிடைச்சது.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

மெழுகில் ஒரு பல்லை அழுத்திக்கொண்டே, “அவருக்குக் குழந்தை பொறக்கப் போகுது” என்றாள். வாயால் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அது நிஜமாயிற்று. பல் மெழுகில் நிற்காமல் சாய்ந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி சாய்ந்தது. தோழி எந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அவள் கையிலிருந்ததை வாங்கி மேசையில் வைத்தாள். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அப்புறம்தான் அவள் அழுதாள்.