ஒரு டின் உயரம்

…பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கே இவனுக்கு மூச்சு வாங்குகிறது, இதில் இவன் மாட்டப்போகிறானாம், மாட்டட்டும், மாட்டிக் கிழிக்கட்டும், பார்க்கலாம் என்று ஷட்டர்காரர் வாசலில் போட்டிருந்த நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். மாப்பிள்ளை அந்த நீளமான அட்டைப்பெட்டியைப் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் இறக்கிவைத்து, வீட்டுச் சாவியை எடுத்து டேப்பைக் கீறினான். சாவியால்! ஒரு கத்தி எடுத்துவரத் துப்பில்லை. உள்ளே இரண்டு கறுப்புப் படிகள், கதவுக்குக் கீழே வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கப்போகிற ஜம்பங்கள். இந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து இதில் ஏற எவனாவது படி கேட்டானா? ஊரில் பாதிக் கடைகளுக்கு ஷட்டர் போட்டுக் கொடுத்த கை இது, இரும்புச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறியவருக்கு, வண்டியில் ஏறப் படி வாங்கித் தருகிறான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கடையும் இவனுடையதில்லை, அங்கே கண் பார்க்கிற வேலை, இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா என்று நாள் முழுக்க ஒரே கேள்வி, அதற்குச் சம்பளம், அந்தச் சம்பளத்துக்கு என் பெண்… சரி, அவளாகத் தேடிக்கொண்டாள், அவள் தலையெழுத்து. “மாமா, ஸ்பேனர் பெட்டி எங்க இருக்கு?” என்று கேட்டான். “சீட்டுக்குப் பின்னாடி மாப்பிள்ளை, கை கிழிச்சுக்காம எடுங்க” என்றார். வாயில் மரியாதைக்குக் குறைவில்லை, மனசுக்குள் மட்டும் அவன் இவன்தான், அதில் ஒரு சுகம்.

போன வாரம் அந்த உதிரிபாகக் கடையில் இவன் பண்ணிய கூத்து இருக்கிறதே… சீட்டுக் கவரும் மிதியடியும் கூரையிலிருந்து தொங்குகிற கடை, கடைக்காரன் பார்த்ததுமே சரியான இளிச்சவாயன் என்று கண்டுபிடித்துவிட்டான், பளபளவென்று வளைந்த உருட்டுக் குழாயைக் காட்டினான், தட்டையாக ரப்பர் பதித்ததைக் காட்டினான், கடைசியில் கீழே இறங்கித் தொங்குகிற இந்த அவலட்சணத்தையும் காட்டினான். புத்தியுள்ளவன் என்ன கேட்பான்? துரு பிடிக்குமா, எவ்வளவு பாரம் தாங்கும், வெல்டிங் எப்படி, அதைக் கேட்பான். இவன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது தரையிலேர்ந்து எவ்வளவு உயரத்துல வரும்?” என்றான், மறுபடியும், “இது எவ்வளவு உயரத்துல?” கடைக்காரனே அலுத்துப்போய், “சார், ஏறறதுக்குத்தான் படி, தூங்கறதுக்கு இல்ல” என்று சிரித்தான், நானும் சேர்ந்து சிரித்தேனே, நன்றாகவே சிரித்தேன், இவன் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. போடுவதென்றால் அந்த உருட்டுக் குழாயைப் போடுங்க, பார்க்கவாவது லட்சணமாக இருக்கும் என்றதற்கு, “அது ரொம்ப மேல இருக்கு மாமா” என்றான். மேலே இருந்தால் உனக்கென்ன, நீயா ஏறப்போகிறாய்?

வண்டிக்கடியில் படுத்துவிட்டான். இப்போது இரண்டு கால் மட்டும் வெளியே தெரிகிறது, வெள்ளைக் காலுறையோடு, காலுறை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார். பிராக்கெட்டை எடுத்தான், அடிச்சட்டத்தில் கம்பெனிக்காரனே போட்டுவைத்த துளையில் பொருத்தினான்… ஆகா, இடது பக்கத்துப் பிராக்கெட்டை வலது பக்கத்தில் வைக்கிறான்! எந்தப் பக்கம் என்று அதிலேயே எழுத்துக் குத்தியிருக்கிறது, ஊரையே எழுத்துப் படிக்கச் சொல்கிறவனுக்கு அது தெரியவில்லை. சொல்லலாமா? எதற்குச் சொல்லணும், முறுக்கட்டும், மூன்று பிராக்கெட்டையும் முறுக்கி முடிக்கட்டும், அப்புறம் படியைத் தூக்கிவைத்து அது உட்காராமல் விழிக்கிற விழியைப் பார்க்கணும். பார்த்தார். விழித்தான். “தப்பாப் போட்டுட்டேன் மாமா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்தான், முகத்தில் ஒரு வெட்கம் கிடையாது, கோபம் கிடையாது, இவன் என்ன ஜென்மம், திட்டினாலும் உறைக்காது போலிருக்கிறதே. நானாக இருந்தால் அந்த ஸ்பேனரை விட்டெறிந்திருப்பேன். நானாக இருந்தால் இந்நேரம் இரண்டு பக்கமும் முடித்து… முடித்திருப்பேனா? கீழே படுத்திருப்பேன், படுக்க முடியும், படுப்பது ஒரு பெரிய விஷயமில்லை. “நீங்களே பண்ணுங்க மாப்பிள்ளை, ஆசையா வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்று விட்டுக்கொடுத்தது எழுந்திருக்க முடியாது என்பதற்காக இல்லை, அதெல்லாம் இல்லை, காலைத் தூக்கினால் இடுப்பில் சுள்ளென்று ஒன்று இழுக்கிறது, அவ்வளவுதான், இழுத்தால் இழுத்துவிட்டுப் போகட்டும்.

மகளுக்கு மட்டும் தெரியக்கூடாது. மாடிப்படியில் ஒருநாள் கைப்பிடியைப் பிடித்து நின்றதற்கே, “வண்டியை வித்துட்டு வீட்ல இருங்கப்பா, இன்னொரு தடவை இப்படி நின்னீங்கன்னா வண்டியை வாங்க நானே ஆள் கூட்டிட்டு வந்துடுவேன்” என்றாள், சொன்னால் செய்கிறவள், அந்தப் பிடிவாதம் என்னுடையது. வண்டி போனால்? இந்த நாற்காலி, இந்த வாசல், யார் கடை ஷட்டரோ கிரீச்சிடுகிற சத்தம் கேட்டும், எண்ணெய் போட நம்மைக் கூப்பிட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருப்பது… அதற்குப் பெயர் உயிரோடு இருப்பதா? அதனால்தான் அந்த டின். பழைய பெயின்ட் டின், துடைக்கிற துணி வைக்கிறதாக ஒரு பேச்சு, கைப்பிடியில் ஒரு கயிறு. தெருவில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்ப்பார், ஆள் இல்லையென்றால் டினைக் கவிழ்த்து வைத்து ஏறி, உள்ளே உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்து மேலே இழுத்துக்கொள்வார். யாருக்குத் தெரியும்? ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. இந்த மூளை இவனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வருமா?

படியைத் தூக்கி போல்ட்டில் தொங்கவிட்டிருந்தான், முறுக்காமல், லொடலொடவென்று. பரவாயில்லையே, எல்லாவற்றையும் தொங்கவிட்டு அப்புறம்தான் முறுக்கணும் என்று எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். இப்போது எழுந்து, கதவைத் திறந்து, எதையோ எடுத்து… டின். டினை எடுக்கிறான். எதற்கு எடுக்கிறான், உட்கார்ந்துகொள்ளவா, முட்டுக் கொடுக்கவா, அதை ஏன் கவிழ்க்கிறான்? கதவுக்கு நேராக, நான் வழக்கமாக வைக்கிற அதே இடத்தில், அதே சாய்வில் வைத்தான், கயிற்றைக் காலில் சிக்காமல் இருக்கைப் பக்கம் ஒதுக்கிப் போட்டான், நான் போடுகிற மாதிரியே. அப்புறம் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டினின் மேல்தட்டையும் படியின் ரப்பரையும் மாறி மாறிப் பார்த்தான், படியைக் கொஞ்சம் இறக்கினான், இன்னும் ஒரு நூல் இறக்கினான், இரண்டும் ஒரே மட்டம் ஆனதும் போல்ட்டை முறுக்கத் தொடங்கினான். ஷட்டர்காரருக்கு நாற்காலியில் சாய்ந்திருக்க முடியவில்லை. தரையிலேர்ந்து எவ்வளவு உயரத்துல வரும், இது எவ்வளவு உயரத்துல… நானும் சேர்ந்து சிரித்தேனே.

அந்தச் சமயம் பார்த்து வாசல் கேட்டைத் திறந்துகொண்டு மகள் வந்தாள், கையில் சாப்பாட்டுப் பாத்திரம். “இந்த டின் எதுக்கு நடுவுல கிடக்கு?” என்றாள். மாப்பிள்ளை தலையைத் திருப்பாமலே, “நான்தான் உட்கார எடுத்தேன்” என்றான். அவள், “கறையாக்கிக்கோ, துவைக்கிறது நான்தானே” என்று பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை டினை நிமிர்த்தி, சிதறிய துணிகளை மறுபடி அடைத்து, கயிற்றைச் சுருட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தான். “ஏறிப் பாருங்க மாமா.”

எழுந்து போனார், என்ன செய்ய. கதவைப் பிடித்து, காலை வைத்தார், இன்னொரு காலை உள்ளே போட்டார், சுள்ளென்று எதுவும் இழுக்கவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. ஏதாவது குற்றம் சொல்லணும், வாய் வரைக்கும் வந்து நிற்கிறது, என்ன சொல்ல? “பின்னாடி போல்ட்டு இன்னும் அரைச் சுத்து வேணும்” என்றார். “சரி மாமா” என்று அவன் உடனே கீழே படுத்தான். உண்மையில் வேண்டியதில்லை, இறுக்கமாகத்தான் இருக்கிறது. நான் டினில் ஏறுவதை எங்கே பார்த்திருப்பான்? கண்ணாடிக் கடைக்கு எதிர்வரிசையில் அந்தப் பலசரக்குக் கடையின் ஷட்டரைப் பழுது பார்த்த நாளா, அன்றைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினேன்… தெருவை இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், எதிரே அந்தக் கடையின் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்தேனா? பார்த்துவிட்டும் மகளிடம் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான், அதற்கடுத்த ஞாயிறும். நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கொண்டு சாப்பிட்டான், ஒன்றும் உறைக்காது இவனுக்கு என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்… கீழே ஸ்பேனர் நின்றது. “போதுமா மாமா?” என்று வண்டிக்கடியிலிருந்து குரல் வந்தது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் அந்த வெள்ளைக் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.